ஆலை வாசலும் ஆடுகளமும்: சென்னைக் கால்பந்து லீக்கின் வரலாற்றில் மேற்குப் புறநகர்

ஒரு வட்டாரக் கால்பந்து லீக்கின் வரலாற்றை ஆராய்பவர் முதலில் கவனிக்க வேண்டியது வெற்றி பெற்ற அணிகளின் பட்டியலை அன்று. அந்த அணிகள் யாருடைய பெயரைத் தாங்கி ஆடின என்பதையே. லீக் என்பது ஒரே தோல்வியில் அணியை வெளியேற்றிவிடும் நாக்-அவுட் போட்டியிலிருந்து வேறுபட்டது. அதில் ஒவ்வோர் அணியும் மற்ற அணிகள் அனைத்தையும் எதிர்கொண்டு புள்ளிகள் சேர்க்கிறது. பருவ முடிவில் சில அணிகள் மேல் டிவிஷனுக்கு ஏறுகின்றன, சில கீழே இறங்குகின்றன. இத்தகைய நீண்ட தொடரில் ஆண்டுதோறும் தவறாமல் களமிறங்க வேண்டுமானால் ஓர் அணிக்கு நிலையான ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் சில நாடுகளில் ஊராக இருந்திருக்கிறது. சென்னையில் அது பெரும்பாலும் வேலை கொடுத்த நிறுவனமாக இருந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் கால்பந்து வேரூன்றிய விதத்தையும், அங்கே ஊரின் பெயரால் ஒரு வலுவான லீக் எழாமல் போனதையும் இந்த வேறுபாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

ஊரை ஆதாரமாகக் கொண்ட லீக்குக்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது. மெல்பர்ன் நகரின் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் குளிர்காலத்திலும் உடலைத் தளரவிடாதிருக்க ஒரு கால்பந்து ஆட்டத்தை வகுத்து, 1859 மே மாதத்தில் அதற்கு விதிகளை எழுதினர். நீள்வட்ட மைதானத்தில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் கடத்தி ஆடும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து அவ்வாறு உருவானது. விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் எல்லையோர ஊர்களை இணைத்து 1893-இல் தோன்றிய ஓவன்ஸ்–மரே லீக்கில் வாங்கரட்டா, ஆல்பரி, வோடோங்கா, யாரவோங்கா என்று ஊர்ப் பெயர்களே அணிப் பெயர்களாயின. உழவரும் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் ஒரே அணியில் ஆடினர். அந்த ஊரின் பெண்கள் ஆடும் நெட்பால் அணியும் காலப்போக்கில் அதே கிளப்பின் அங்கமாயிற்று. மக்கள்தொகை குறைந்தபோது அண்டை ஊர்க் கிளப்புகள் ஒன்றோடொன்று இணைந்து பிழைத்தன. ஊரில் ஓர் ஆலை மூடப்பட்டதனால் மட்டும் அணி கலைந்துவிடும் நிலை அங்கே இல்லை.

சென்னையின் தொடக்கம் வேறு. இந்தியாவின் பிற ராணுவ நகரங்களைப் போலவே இங்கும் கால்பந்து பிரிட்டிஷ் படைவீரர்களோடு வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய படையினரும் நாடு திரும்பவிருந்த படையினரும் தங்கும் ராணுவ நிலையமாகப் பூந்தமல்லி நெடுங்காலம் விளங்கியதை நோக்கினால், இன்றைய மேற்குப் புறநகரின் விளையாட்டு வரலாறு ஆலைகளுக்கு முன்பே பாசறையில் தொடங்குகிறது எனலாம். நகரத்துக்குள் 1884-இல் தோன்றிய ஜிம்கானா கிளப் போன்ற ஐரோப்பியர் மன்றங்களும், கல்லூரிகளும், 1920-இல் ஹாரி குரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும் விளையாட்டை உள்ளூர் இளைஞர்களிடம் கொண்டுசேர்த்தன. 1930-களில் மெட்ராஸ் கால்பந்துச் சங்கம் வழியாக ஆட்டங்கள் ஒழுங்கான நிர்வாகத்துக்குள் வந்தன. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1937-இல் உருவானதும் இதே பத்தாண்டில்தான். கல்கத்தாவில் 1898-இலேயே லீக் தொடங்கிவிட்டதை நோக்க மெட்ராஸ் பல பத்தாண்டுகள் பின்தங்கியிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின் வந்த இருபது ஆண்டுகளே சென்னை லீக்கின் இயல்பை நிலைநிறுத்திய காலம். 1951-இல் தெற்கு ரயில்வே அமைந்தது. 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ஒருங்கிணைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். தொடங்கப்பட்டது. இவற்றோடு கணக்குத் தணிக்கை அலுவலகமான ஏ.ஜி. ஆபீஸ், சுங்கத்துறை, வருமானவரித் துறை, காவல்துறை, இந்தியன் வங்கி முதலியவையும் லீக்கில் அணிகளை இறக்கிய நிறுவனங்களாக வளர்ந்தன. இவற்றைத் துறை அணிகள் என்று அழைக்கலாம். இவ்வணிகளின் அடித்தளம் ஸ்போர்ட்ஸ் கோட்டா, அதாவது விளையாட்டுத் திறன் அடிப்படையில் பணிநியமனம் செய்வதற்கான ஒதுக்கீடு. தேர்வு ஆட்டத்தில் திறமை காட்டிய இளைஞர் எழுத்தராகவோ தொழிலாளியாகவோ சேர்க்கப்பட்டார். பயிற்சிக்காகப் பணிநேரத்தில் சலுகை பெற்றார். ஆடும் வயது கடந்த பின்னும் ஓய்வுபெறும் வரை அதே வேலையில் நீடித்தார். தொழில்முறைக் கால்பந்து என்பதே இல்லாத நாட்டில், ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் பந்தை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான வழி இருந்ததில்லை. பின்னாளில் இம்முறை மீது சுமத்தப்பட்ட குறைகளைப் பேசுவோர், அது எத்தனை குடும்பங்களுக்கு முதல் மாதச் சம்பளத்தைத் தந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

மேற்குப் புறநகர் உருவானதும் இதே காலத்தில்தான். சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை 1856-இலேயே திறக்கப்பட்டிருந்தாலும், அம்பத்தூரும் ஆவடியும் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்களாகவே நெடுநாள் இருந்தன. இரண்டாம் உலகப்போர் ஆவடியை ராணுவக் கிடங்காக மாற்றியது. 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ், 1959-இல் அம்பத்தூரில் டன்லப், 1960-களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் வாகன உதிரிபாக ஆலைகள், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று இப்பகுதியில் ஆலைகள் பெருகின. ஆவடியில் ராணுவ உடைத் தொழிற்சாலையும், 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. மத்திய ரிசர்வ் காவல் படை, விமானப்படை, தமிழ்நாடு சிறப்புக் காவல் படை ஆகியவற்றின் முகாம்களும் அதே ஊரில் அமைந்தன.

இந்த நிறுவனங்களில் பெரியவை வெறும் பணியிடங்களாக நிற்கவில்லை. குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, கூட்டுறவுப் பண்டகசாலை ஆகியவற்றோடு மைதானத்தையும் சேர்த்தே அவை நிலத்தை வகுத்தன. ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளின் எஸ்டேட்களிலும், திருமுல்லைவாயிலில் டி.ஐ. குழுமத்தின் நிலத்திலும் உள்ள திடல்கள் அந்தத் திட்டமிடலின் எச்சங்கள். வடசென்னையின் நெரிசலான தெருக்களில் கால் பங்கு மைதானம்கூடக் கிடைக்காத காலத்தில், இப்பகுதிக்கு முழு அளவிலான புல்தரைகள் வாய்த்திருந்தன. எனினும் அத்திடல்கள் மதில்சுவருக்கு உட்பட்டவை. ஆலையில் வேலை செய்பவரின் மகன் அங்கே ஆடலாம். மதிலுக்கு வெளியே, அதே ஊரில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பத்துச் சிறுவன் அனுமதி பெற்றே நுழைய வேண்டும். மேற்குப் புறநகரில் ஊர்க் கிளப்பைத் தாங்கி நிற்கும் வலுவான லீக் உருவாகாததற்கு மைதானம் இல்லாமை காரணமன்று. மைதானம் ஊருக்கு உரியதாக இல்லாமையே காரணம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

இரண்டாவது காரணம் நகர மையத்தின் ஈர்ப்பு. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த மாநகராட்சி ஸ்டேடியம், 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்த டெஸ்ட் ஆட்டத்தால் கிரிக்கெட் வரலாற்றில் இடம்பெற்றாலும், நகரத்தின் கால்பந்து ரசிகர்களுக்கு அது தங்கள் சொந்த அரங்கு. அதே இடத்தில் எழுந்த ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் 1993-இல் நேரு கோப்பைப் பன்னாட்டுப் போட்டி நடைபெற்றது. சீனியர் டிவிஷன் ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த மையத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நடந்ததால், ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருந்த வீரர் வேலை முடிந்து மின்சார ரயிலையோ பேருந்தையோ பிடித்து நகரத்துக்குள் போய் ஆட வேண்டியிருந்தது. அவருடைய ஊரார் அவர் ஆட்டத்தை நேரில் காணும் வாய்ப்பு அரிதாயிற்று. பார்வையாளர் இல்லாத ஊரில் கிளப் வளராது. இதற்கு மாறாக, நகரின் கிரிக்கெட் லீக் ஆட்டங்கள் பல திடல்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டன. ஆவடி உடைத் தொழிற்சாலையின் ஓ.சி.எஃப். மைதானமும் திருமுல்லைவாயில் மைதானமும் கால்பந்தை விடக் கிரிக்கெட் லீக்கின் வழியாகவே வெளியூரார்க்கு அறிமுகமாயின. கால்பந்து நிர்வாகம் கைவிட்ட வாய்ப்பாகவே இதைக் கருத வேண்டும்.

துறை அணி முறை மாநில அணியின் வலிமையையும் ஒரு வகையில் பாதித்தது. 1941-இல் தொடங்கிய தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபியில் மாநிலங்கள் மட்டுமன்றி ரயில்வேயும் ராணுவத்தின் சர்வீசஸ் அணியும் தனித்தனியாகப் பங்கேற்பதால், பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஆலையின் சிறந்த வீரர் ரயில்வே அணிக்காக ஆட நேர்வதும், படையில் சேர்ந்த தமிழர் சர்வீசஸுக்காக ஆட நேர்வதும் இயல்பாயிற்று. 1955-இலும் 1958-இலும் டியூரண்ட் கோப்பையை வென்ற மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணியும் இந்தப் படைசார் மரபின் விளைவே. தமிழ்நாடு அணியோ 2012-இல் சந்தோஷ் டிராபி இறுதிப்போட்டி வரை முன்னேறி, 2–3 என்ற கணக்கில் தோற்றது. தோற்கடித்தது சர்வீசஸ் அணி.

பொருளாதாரத் தாராளமயம் வந்த 1991-க்குப் பின் இந்த அமைப்பின் அடித்தளம் தளர்ந்தது. பொதுத்துறை நிறுவனங்கள் ஆள்சேர்ப்பைச் சுருக்கின. தனியார் ஆலைகள் நிரந்தரத் தொழிலாளர்களைக் குறைத்து ஒப்பந்த முறையை நாடின. அம்பத்தூரின் அடையாளமாக இருந்த டன்லப் ஆலை பலமுறை மூடியும் திறந்தும் இறுதியில் ஓய்ந்தது. 1996-இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியபோது சென்னையின் கொடியைத் தேசிய அரங்கில் ஏந்தியது ஒரு வங்கியின் அணி என்பது சிந்திக்கத் தக்கது. சபீர் பாஷா போன்ற இந்திய வீரர்களைக் கொண்டிருந்த இந்தியன் வங்கியால் அந்த லீக்கில் நிலைத்திருக்க இயலவில்லை. வீரர்களுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தரும் வங்கி, வெளிநாட்டு வீரர்களை ஒப்பந்தத்தில் எடுக்கும் கிளப்புகளோடு போட்டியிடும் வகையில் அமைக்கப்பட்டதன்று. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக்குடன் சென்னையின் எஃப்.சி. பிறந்து, 2015-லும் 2017–18 பருவத்திலும் பட்டம் வென்றது. உள்ளூர் லீக்கில் நெடுங்காலம் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2018–19 ஐ-லீக்கை வென்றபோது, அதன் சொந்த மைதானம் கோயம்புத்தூரில் இருந்தது.

இந்தக் காலத்தில் சென்னைக் கால்பந்தின் உயிர்நாடி துறைகளிலிருந்து தெருக்களுக்கு நகர்ந்தது. வடசென்னையின் வியாசர்பாடி இதற்குத் தலைசிறந்த சான்று. ஆலையும் அலுவலகமும் தந்த வேலை வாய்ப்பால் உருவானதன்று அங்குள்ள கால்பந்து. பள்ளி முடிந்த பிள்ளைகளைத் திடலில் கூட்டி, ஆட்டத்தோடு படிப்பையும் கற்பித்த உள்ளூர்த் தன்னார்வலர்களின் உழைப்பால் உருவானது. தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் ஆகியோர் அங்கிருந்து இந்திய அணி வரை உயர்ந்தனர். அம்பத்தூருக்கும் வியாசர்பாடிக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் இடவசதி மிக்க அம்பத்தூரிலிருந்து அத்தகைய மரபு எழவில்லை. வியாசர்பாடியின் முல்லை நகர்த் திடலில் நுழைய எந்தச் சிறுவனுக்கும் அடையாள அட்டை தேவைப்படவில்லை என்பதே அந்த வேறுபாட்டுக்கு முதன்மையான விளக்கம்.

ஆட்சி எல்லைகளும் மேற்குப் புறநகரின் விளையாட்டுக்கு உதவவில்லை. விளையாட்டுச் சங்கங்கள் மாவட்ட வாரியாக இயங்குபவை. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி 1997-இல் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வந்தது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி நகராட்சியாகத் தொடர்ந்தது. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் அடங்கும் மூன்று ஊர்கள், ஒரே பேருந்துத் தடங்களையும் ஒரே ஆலைகளையும் பகிர்ந்துகொண்டும், ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. இரு மாநிலங்களின் எல்லையை ஒரு பொருட்டாகக் கொள்ளாமல் ஆற்றின் இருகரை ஊர்களையும் சேர்த்துக்கொண்ட ஓவன்ஸ்–மரே லீக்கை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். இருப்பினும் அங்கே ஊர்கள் சிறியவை, நிலம் ஊராருடையது, போட்டியிட்டு வேலை தேடும் லட்சக்கணக்கான இளைஞர்கள் இல்லை என்னும் வேறுபாடுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2021 அக்டோபர் 1 முதல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் என்னும் அரசு நிறுவனத்தின் கீழும், உடைத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின் கீழும் வந்தன. லாப நட்டக் கணக்குக்கு உட்பட்ட நிறுவனமாக மாறிய பின், எஸ்டேட் நிலம் ஒரு சொத்தாகப் பார்க்கப்படுவது இயல்பு. ஆகவே அங்குள்ள மைதானங்களின் எதிர்காலம் இனி விளையாட்டு ஆர்வலர்கள் மட்டும் கவலைப்படும் விஷயமன்று. ஆவடி மாநகராட்சியும் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் அந்நிறுவனங்களோடு எழுத்துப்பூர்வமான பயன்பாட்டு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டிய விஷயம்.

வேலைக்கும் ஆட்டத்துக்குமான பழைய பிணைப்பு முற்றிலும் அறுந்துவிடவில்லை, வடிவம் மாறியிருக்கிறது. பெண்கள் கால்பந்தில் இம்மாற்றத்தைக் காணலாம். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இல் மணிப்பூரையும் 2023-இல் ஹரியானாவையும் இறுதிப்போட்டியில் வென்று தேசியப் பட்டம் பெற்றது. துறை அணிகளின் நீண்ட வரலாற்றில் பெண்களுக்கு இடம் மிகக் குறைவாகவே இருந்ததால், இவ்வெற்றியை அந்த முறையின் பயனாகக் காட்ட முடியாது. பள்ளி, கல்லூரி, மாவட்டப் பயிற்சியாளர் ஆகியோரின் உழைப்பே அதன் பின்னணி. மாநில அரசுப் பணிகளில் சாதனை விளையாட்டு வீரர்களுக்கு வழங்கப்படும் 3 விழுக்காட்டு ஒதுக்கீடு இவர்களைப் போன்றோருக்கு வாழ்வளிக்கிறது. ஆனால் பழைய துறை அணி முறையில் வேலையும் அணியும் ஒன்றாக வந்தன. நியமனம் பெற்றவர் மறுநாளே அந்த நிறுவனத்தின் சட்டையணிந்து லீக்கில் இறங்கினார். இன்றைய ஒதுக்கீட்டில் நியமனம் தனிநபரின் பதக்கத்துக்கு வழங்கப்படும் அங்கீகாரம். அவரைச் சேர்த்துக்கொள்ளும் துறைக்கு ஓர் அணியை அமைத்து லீக்கில் இறக்கும் கடமை எதுவும் இல்லை.