அபினும் ஆசானும்

கல்ஃப் போற ஆளுக்கு எங்க ஊர்ப்பக்கம் ரெண்டு புத்திமதி கண்டிப்பா சொல்லுவாங்க. ஒண்ணு, பாஸ்போர்ட்டை யார் கையிலயும் குடுக்காதே. ரெண்டு, பெட்டியில கசகசா வைக்காதே. முதலாவது எல்லாருக்கும் புரியும். ரெண்டாவதைக் கேட்டுட்டு சின்னப் பசங்க சிரிப்பானுங்க. கறிக்குழம்புல அரைச்சு ஊத்துற கசகசாவுக்கு ஜெயிலா? ஆமா, ஜெயில்தான். கசகசா வர்ற செடியிலிருந்துதான் அபினும் வருது. விதையில போதை கிடையாது, ஆனா பச்சைக் காயைக் கீறினா வடியுற பால்தான் அபின். அதைச் சுத்தம் பண்ணினா மார்ஃபின்.

வலியோட வரலாற்றை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். இந்தச் செடியில இருந்து ஆரம்பிக்கிறதுதான் சரி.

வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவுல அபின் ஒரு வீட்டுச் சாமான். வயித்துப்போக்கு, இருமல், மூட்டுநோவு எல்லாத்துக்கும் ஒரு சின்ன உருண்டை. அழுற பிள்ளை தூங்குறதுக்குக்கூட குடுத்திருக்காங்க (படிச்சா வயித்தைக் கலக்குது). சர்க்கார் காஜிப்பூர்ல 1820லேயே தொழிற்சாலை போட்டு சீனாவுக்கு ஏத்துமதி பண்ணிச்சு, உள்ளூர்ல லைசென்ஸ் கடை வச்சு வித்துச்சு. மருந்துக்கு இல்லாம அபின் திங்குற பழக்கத்தைப் பத்து வருஷத்துல ஒழிக்கிறதுன்னு 1949லதான் அகில இந்திய மாநாடு போட்டு முடிவெடுத்தாங்க. 1959 வரைக்கும் கெடு. அதாவது நம்ம தாத்தா பாட்டி காலம்தான், ஏதோ சங்ககாலம் இல்ல.

சரி, எங்க ஊருக்கு வருவோம். நாஞ்சில் நாடுன்னா கறாரா தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் மட்டும்தான், கல்குளமும் விளவங்கோடும் சேராதுன்னு சொல்ற நண்பர்கள் உண்டு. இந்தப் பதிவுக்கு மட்டும் மாவட்டம் முழுக்க ஒண்ணுன்னு வச்சுக்கோங்க, சண்டைக்கு வராதீங்க :-)

இங்க வலிங்கிறது பெரும்பாலும் பனையில இருந்துதான் வந்துச்சு. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை ஏறி இறங்குறவனுக்கு இடுப்பும் முட்டும் போயிரும். தவறி விழுந்தா சொல்லவே வேண்டாம். அதனாலயோ என்னவோ, தெக்கன் களரியும் வர்ம வைத்தியமும் இந்த மண்ணுலதான் வேரோட நின்னுச்சு. களரியில அடிக்கிற ஆசானும் ஒடிவு முறிவுக்குக் கட்டுப் போடுற ஆசானும் ஒரே ஆள்தான். அடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் எடுக்கவும் தெரியும்ங்கிற கணக்கு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, மொத்தம் 108ன்னு ஓலைச்சுவடி சொல்லும். அடி விழுந்தா அதுக்கு இளக்குமுறை, அப்புறம் எண்ணெய், தடவு, கிழி, கட்டு, கஷாயம், பத்தியம். வாரக்கணக்குல நடக்கும். ரோமன் சீலர் என்கிற ஜெர்மன்காரர் இங்க வந்து ஆசான்மாரோட இருந்து எழுதின புத்தகத்தை 2015ல ஆக்ஸ்போர்டு வெளியிட்டுது. நம்ம ஊரைப் பத்தி அவ்வளவு பொறுமையா நம்மாளு யாரும் எழுதலையேன்னு எனக்கு ஒரு சின்னப் பொறாமை.

எங்க பாட்டா பனையேறி. விழுந்து இடுப்பு போயி ஒரு ஆசான்கிட்ட மாசக்கணக்குல தடவு பாத்தவர். அவர் அடிக்கடி சொன்னது எண்ணெயைப் பத்தி இல்ல. ஆசான் விரலை வைக்கும்போது, "நோவு எங்க இருக்குன்னு நீ பாரு. வேற எங்கயும் நெனவ விடாதே, மூச்ச அடக்காதே"ன்னு சொல்வாராம். பாட்டாவுக்கு அது வேடிக்கையா இருந்திருக்கு. நோவை மறக்க மருந்து கேட்டா, இந்த ஆளு நோவைப் பாக்கச் சொல்றாரேன்னு.

இப்ப நான் "சித்தர்கள் அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாங்க"ன்னு எழுதுவேன்னு எதிர்பார்த்தா ஏமாந்துபோவீங்க. அந்த மாதிரி ஃபார்வர்டு மெயில் எனக்கும் தினம் நாலு வருது. தடவினா வலி ஏன் குறையுதுங்கிறதுக்கு ஓரளவு விளக்கம் 1965ல மெல்சாக், வால் ரெண்டு பேரும் குடுத்தாங்க. முதுகுத்தண்டுல ஒரு வாசல் மாதிரி இருக்கு, தொடுதல் அழுத்தம் எல்லாம் போற நரம்பு வேலை செஞ்சா வலி போற வழி கொஞ்சம் சாத்துது, மூளையும் மேல இருந்து அந்த வாசலை இழுத்துச் சாத்தவோ திறக்கவோ முடியும்னு. பின்னாடி விவரங்கள்ல நிறைய மாறினாலும் அடிப்படை யோசனை நின்னுருச்சு. ஆனா 108 புள்ளியும் இதுல நிரூபணம் ஆயிருச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ரகசியமா குரு சிஷ்யனுக்கு மட்டும் சொல்ற வித்தையைச் சோதிச்சுப் பாக்குறது லேசுல்ல. எலும்பு உடைஞ்சா எக்ஸ்ரே எடுங்க, சாமி.

அடுத்தது நெய்யூர். லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838ல அங்க வைத்தியம் ஆரம்பிச்சார். அந்த வருஷத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஈதர் குடுத்து வலியில்லாம அறுக்கலாம்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே 1846ல. ராம்சே காலத்துல கத்தி வைக்கணும்னா நாலு பேர் அமுக்கிப் பிடிக்கணும். அதுக்கப்புறம் 1852ல வந்த லீட்ச் என்கிற டாக்டர் ரெண்டே வருஷத்துல முட்டம் கடல்ல குளிக்கப்போய் மூழ்கி இறந்துபோனார். 1860கள்ல வந்த ஜான் லோ உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து வைத்தியம் சொல்லிக்குடுத்தார்.

நெய்யூர்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது சோமர்வெல்தான். எவரெஸ்ட் ஏறப்போன மனுசன். 1922 பயணம் முடிஞ்சு ஊர் சுத்திப் பாக்க வந்தவர் நெய்யூர்ல நோயாளிங்க வரிசையையும் ஒத்தை டாக்டரையும் பாத்துட்டு, லண்டன் வேலையை விட்டுட்டு இங்கயே வந்துட்டார். நடுவுல 1924ல இன்னொரு தடவை எவரெஸ்ட்டுக்கும் போயிட்டு வந்தார். அப்போ தெக்குத் திருவிதாங்கூர்ல குடல்புண் வலி ரொம்ப ஜாஸ்தி. அவரும் இயன் ஆர் என்கிற டாக்டரும் 2500 நோயாளிகளை வச்சு 1936ல ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினாங்க. வலிக்கு ஒரு காரணம் இருக்கு, அதை அறுத்து எடுத்தா வலி போயிரும்ங்கிற நம்பிக்கையோட உச்சகாலம் அது. பல பேருக்குப் போச்சு. அந்த ஆஸ்பத்திரிக்கு எங்க ஜில்லா பட்ட கடன் கொஞ்சநஞ்சமில்ல.

ஆனா அறுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாத வலிக்கு என்ன செய்ய?

அதுக்கு உலகம் முழுக்க இருந்த பதில் மார்ஃபின். 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல செர்ட்யூர்னர் என்கிற ஜெர்மன் மருந்துக்கடைக்காரர் அபின்ல இருந்து பிரிச்சார். 1850கள்ல ஊசி வந்ததும், வயித்துக்குள்ள போனாத்தானே அடிமையாவான், ஊசின்னா பழகாதுன்னு நம்பினாங்க. பழகுச்சு. 1898ல பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தா வித்தப்போ, இது மார்ஃபின் மாதிரி பழகாதுன்னாங்க. அதுவும் பழகுச்சு. 1996ல அமெரிக்காவுல ஆக்ஸிகான்டின் மாத்திரை வந்தப்பவும் அதே பல்லவி. 2021ல மட்டும் அங்க ஓபியாய்டு மருந்துகளால (கள்ளமார்க்கெட் ஃபென்டனிலையும் சேர்த்து) செத்தவங்க சுமார் 80,000 பேர். ஒரே பொய்க்கு மூணு தடவை ஏமாந்த நாகரிகம் நம்மளோடது.

இந்த இடத்துல கோயங்கா கதையைச் சொல்லணும். விபாசனா தியானம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்த எஸ்.என். கோயங்கா சாமியார் இல்ல, பர்மாவுல பெரிய வியாபாரி. 1924ல மாண்டலேயில பிறந்தவர். அவருக்குப் பயங்கரமான ஒத்தைத் தலைவலி. வரும்போதெல்லாம் மார்ஃபின் ஊசி. கொஞ்ச நாள்ல டாக்டர்களே பயந்துட்டாங்க, தலைவலி இருக்கோ இல்லையோ மார்ஃபின் உங்களை விடாதுன்னு. காசு இருந்துது. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான்னு போய்ப் பாத்தார். ஒண்ணும் நடக்கல. 1955ல ரங்கூன்ல ஊ பா கின் என்பவர்கிட்ட போனார். அவர் யார்னா, பர்மா அரசாங்கத்தோட கணக்குத்துறைத் தலைவர்! ஆபீஸ் நேரம் போக தியானம் சொல்லிக்குடுக்கிறவர். தலைவலிக்குத்தான் வந்திருக்கீங்கன்னா வராதீங்க, இது அதுக்கில்லன்னு முதல்ல மறுத்துட்டாராம். அப்புறம்தான் சேர்த்துக்கிட்டார். பத்து நாள். முதல்ல மூச்சு, அப்புறம் தலையில இருந்து கால் வரைக்கும் உடம்புல என்ன தோணுதோ அதை விலக்காம விரும்பாம பாக்குறது. கோயங்காவோட தலைவலியும் ஊசியும் அதோட போச்சு. 1969ல மும்பையில அவர் வகுப்பு எடுக்க ஆரம்பிச்சார், அதே வருஷம் மெட்ராஸ்லயும். கடைசி வரைக்கும் அவரும், இது நோய்க்கு மருந்து இல்ல, வைத்தியத்தை நிறுத்திட்டு வராதீங்கன்னுதான் சொல்லிட்டிருந்தார். 2013ல காலமானார்.

அதே ஊ பா கின் கிட்ட படிச்ச இன்னொரு ஆள் ராபர்ட் ஹோவர், அமெரிக்கர். அவர்கிட்ட பயிற்சி எடுத்தவர் ஜான் கபாட்-ஜின். இவர் 1979ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில ஒரு கிளினிக் ஆரம்பிச்சு, மத்த டாக்டர்கள் இனி முடியாதுன்னு விட்ட நாள்பட்ட வலிக்காரங்களைக் கூப்பிட்டார். சாமி, பூஜை எல்லாம் கழட்டிவச்சிட்டு வெறும் கவனப் பயிற்சி மட்டும். 1982ல வந்த முதல் கட்டுரையில 51 பேர், 10 வாரம். அதுல 65 சதவீதம் பேருக்கு வலி அளவு மூணுல ஒரு பங்கோ அதுக்கு மேலயோ குறைஞ்சிருந்துது. ஒப்பிட்டுப் பாக்க வேற குழு வைக்காத ஆய்வு, அதனால ரொம்பத் துள்ள வேண்டாம். ஆனா ரங்கூன் கணக்காபீஸ்ல இருந்து அமெரிக்க ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு கயிறு ஓடுறது எனக்கு ஆச்சரியமா இருக்கு.

இதையெல்லாம் படிச்சிட்டு மார்ஃபின்னாலே விஷம்னு யாராவது முடிவு கட்டினா, அதுக்கு நம்ம நாட்டு வரலாறே பதில் சொல்லும். 1985ல போதைப்பொருள் சட்டம் வந்துச்சு. குறைஞ்சது பத்து வருஷம் ஜெயில், ஏகப்பட்ட லைசென்ஸ். மருந்துக்கடையும் ஆஸ்பத்திரியும் பயந்து மார்ஃபினையே வாங்குறதை விட்டுட்டாங்க. நாடு முழுக்கப் பயன்பாடு 97 சதவீதம் விழுந்து, 1997ல வெறும் 18 கிலோ. உலகத்துக்கே சட்டப்படி அபின் விளைவிச்சுக் குடுக்கிற நாட்டுல, புத்துநோய்க்காரங்க அலறி அலறிச் செத்தாங்க. வாய்ப்புத்துன்னா எங்க ஊர்ல தெரியாத வீடு கிடையாது, வெத்திலை போயிலை புண்ணியம். இந்த நிலைமையை மாத்த மல்லுக்கட்டினவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். 1993ல கோழிக்கோட்டுல நண்பர்களோட வலிநிவாரண அமைப்பு, 2003ல திருவனந்தபுரத்துல பாலியம் இந்தியா. நாகர்கோவில்ல இருந்து பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல போயிரலாம். 2014ல சட்டத்தைத் திருத்தினாங்க, ஒரே லைசென்ஸ் போதும்னு.

ஆக, ரெண்டு அநியாயமும் ஒரே மருந்தை வச்சு நடந்திருக்கு. சாகப்போறவனுக்குக் குடுக்கல. இடுப்பு வலிக்காரனுக்கு வருஷக்கணக்குல குடுத்தாச்சு.

எங்க சித்தப்பா ரெண்டாவது ரகம். கத்தார்ல சென்ட்ரிங் வேலை, சாரத்துல இருந்து விழுந்து இடுப்பு போயி ஊருக்கு வந்தார். ஒரு கிளினிக்ல டிராமடால் எழுதினாங்க, பழைய சீட்டைக் காட்டியே வருஷக்கணக்குல வாங்கிட்டிருந்தார். 2018ல டிராமடாலும் போதைச் சட்டத்துக்குள்ள வந்துச்சு. மருந்துக்கடைல கையை விரிச்சாங்க. நாலே நாள்ல வேர்வை, தூக்கமில்லை, வயித்துப்போக்கு, எல்லார்மேலயும் எரிச்சல். ஒரு காலத்துல பனை உசரத்துக்குச் சாரத்துல நின்ன மனுசன், "நான் என்ன கஞ்சா குடிக்கியா?"ன்னு கேட்டு அழுதார். இந்த மாதிரி மருந்தை சட்டுன்னு நிறுத்தக்கூடாதுங்கிறதை யாரும் அவருக்குச் சொல்லவே இல்ல.

நல்ல காலம், ஒரு டாக்டர் திரும்ப எழுதிக்குடுத்து கொஞ்சம் கொஞ்சமா குறைச்சார். கூடவே பிசியோதெரபி. அங்கதான் சிக்கல். வலி வந்தா இடுப்பு உடையுதுன்னு பயம், பயந்தா அசைய மாட்டார், அசையலன்னா தசை இளைச்சு இன்னும் வலி. அந்தப் பிசியோதெரபி பொண்ணு ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னாடி ஐஞ்சு நிமிஷம் மூச்சைப் பாக்கச் சொல்லிச்சு. அப்புறம் குனியும்போது, இது குத்துதா, இழுக்குதா, சூடா இருக்கா, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பாத்துச் சொல்லுங்கன்னு. கேட்டதும் எனக்குப் பாட்டாவோட ஆசான்தான் ஞாபகம் வந்தார்.

அமெரிக்காவுல எரிக் கார்லண்ட் இதையே முறைப்படுத்தி, நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு எடுத்து அதுல மாட்டிக்கிட்ட 250 பேரை வச்சு 2022ல முடிவு வெளியிட்டார். ஒன்பது மாசம் கழிச்சு, கவனப் பயிற்சி எடுத்தவங்கள்ல 45 சதவீதம் பேர் மருந்தைத் தப்பா எடுக்கிறதை விட்டிருந்தாங்க. சாதாரண குழு ஆலோசனையில 24. இரண்டு மடங்கு கிட்ட, ஆனா பாதிக்கு மேல பேருக்கு நடக்கல, அதையும் பாக்கணும். அங்க ராணுவ ஆஸ்பத்திரிகள்ல இடுப்பு வலிக்கு முதல்ல பிசியோதெரபி மாதிரி சிகிச்சை, அதுல சரியாகலன்னா இந்தப் பயிற்சின்னு படிப்படியா சோதிச்சிருக்காங்க.

சித்தப்பாவுக்கு வலி போகல. இப்ப மாத்திரை இல்ல, வலி இருக்கு, ஆனா சந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கிட்டு வந்துருவார். ஒரு ஆளை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும்.

அவர்கிட்ட ஒருநாள் கோயங்கா கதையைச் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அந்த ஆளுக்குப் பைசா கெடந்துது, நாடு நாடா போய்ப் பாத்தான். எனக்கு மொத மாத்திரை தரும்போதே ஒருத்தன் சொல்லியிருக்கலாம் மக்கா"ன்னார்.