திரும்பி வர டிக்கெட் இல்லாத சிறைகள்

ஒரு குற்றவாளியைச் சிறையில் வைத்திருப்பது செலவு பிடிக்கிற சமாச்சாரம். சுவர் கட்ட வேண்டும், காவலுக்கு ஆள் போட வேண்டும், மூன்று வேளை சோறு போட வேண்டும். இதில் பாதியை மிச்சம் பிடிக்க அரசாங்கங்களுக்கு ஒரு பழைய வழி தெரியும். ஆளைக் கண்காணாத தூரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவது! தூரமே சுவர். விண்வெளிச் சிறைகளைப் பற்றி எழுதிய அறிவியல் புனைகதைக்காரர்கள் இந்தப் பழைய தீவாந்தர தண்டனையைத்தான் ராக்கெட்டில் ஏற்றினார்கள்.

அந்த வகையில் முதலில் சொல்ல வேண்டியது ராபர்ட் ஹைன்லைனின் 'தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்'. 1966-ல் புத்தகமாக வந்தது. கதை ஆரம்பிப்பது 2075-ல். பூமியின் நாடுகள் தங்களுக்கு வேண்டாத திருடர்களையும் அரசியல் எதிரிகளையும் நிலாவுக்கு அனுப்பி வைத்துத் தலைமுறைகள் ஆகிவிட்டன. அங்கே இப்போது சுமார் முப்பது லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலானவர்கள் கைதிகளே கிடையாது. தண்டனை முடிந்தவர்கள், அல்லது அங்கேயே பிறந்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஆனாலும் ஊர் திரும்ப முடியாது. நிலாவின் ஈர்ப்பு விசை பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்குதான். கொஞ்ச காலம் அதில் பழகிய உடம்பு பூமியின் எடையைத் தாங்காது என்கிறார் ஹைன்லைன்.

இதை முழுக்கக் கப்சா என்று தள்ளவும் முடியவில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்குபவர்களுக்கு இடுப்பு, கால் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதம் போலக் குறைகிறது. தினமும் உடற்பயிற்சி செய்து சமாளிக்கிறார்கள், திரும்பி வந்து நடக்கவும் செய்கிறார்கள். நிலாவில் வருஷக்கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்பது யாருக்கும் அனுபவமில்லை. 1972-ல் அப்பல்லோ 17-ல் போனவர்கள் தங்கிய மூன்று நாள்தான் இதுவரை அதிகம்.

சரி, உடம்பு விஷயத்தை விடுங்கள். தண்டனை முடிந்த பிறகும் திரும்ப முடியாது என்பது நிஜத்தில் நடந்திருக்கிறது.

1718-லிருந்து 1775 வரை பிரிட்டன் ஏறக்குறைய 50,000 கைதிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்ததும் அந்தக் கடை மூடப்பட்டது. பழைய கப்பல்களை ஆற்றில் நிறுத்தி அதற்குள் கைதிகளை அடைத்துப் பார்த்தார்கள். இடம் போதவில்லை. 1787 மே மாதம் போர்ட்ஸ்மவுத்திலிருந்து 11 கப்பல்கள் கிளம்பி, 1788 ஜனவரியில் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தன. இறங்கிய கைதிகள் 700-க்கும் மேல். பெரும்பாலும் திருட்டு வழக்குகள், பெரும்பாலும் ஏழு வருஷத் தண்டனை.

இதில் ஒரு கூத்து. யாருக்கு எத்தனை வருஷம், எப்போது முடிகிறது என்ற காகிதங்கள் கப்பலில் வரவே இல்லை! ஆளுநர் ஆர்தர் பிலிப் லண்டனுக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. கடிதம் போய்ச் சேரவே பல மாதங்கள். நடுவில், என் காலம் முடிந்துவிட்டது என்று வந்து நின்றவர்களுக்கு அதை நிரூபிக்க வழியில்லை. நிரூபித்தாலும் திரும்புகிற கப்பல் கட்டணத்தை அரசாங்கம் தராது. சொந்தக் காசில் போகலாம், அல்லது கப்பலில் வேலை பார்த்துக்கொண்டு போகலாம். காசில்லாதவனுக்கு ஏழு வருஷமும் ஆயுளும் ஒன்றுதான். பிற்பாடு நிபந்தனை மன்னிப்பு என்று ஒன்று வந்தது. அதை வாங்கியவர் காலனிக்குள் சுதந்திர மனிதர். பிரிட்டனுக்குத் திரும்ப மட்டும் அனுமதி இல்லை.

1791-ல் ஒரு கூட்டம் வடக்கே நடந்தால் சீனா வந்துவிடும் என்று நம்பிக் காட்டுக்குள் கிளம்பியது. பாவம். அதே வருஷம் மேரி பிரையன்ட் என்ற பெண் கணவன், இரண்டு குழந்தைகள், இன்னும் ஏழு கைதிகளோடு ஆளுநரின் படகைத் திருடிக்கொண்டு தீமோர் வரை போய்ச் சேர்ந்தார். சுமார் 5,000 கிலோமீட்டர்! அங்கே பிடிபட்டார்கள். கணவனும் குழந்தைகளும் இங்கிலாந்து போய்ச் சேருமுன் இறந்துபோனார்கள். மேரிக்கு 1793-ல் மன்னிப்பு கிடைத்தது.

காமர்ஸ் படிப்பதாலோ என்னவோ, என்னை அதிகம் உறுத்தியது 1790-ல் வந்த இரண்டாவது கப்பல் கூட்டம். காண்ட்ராக்ட் எடுத்தது அதற்கு முன் அடிமை வியாபாரம் செய்த ஒரு கம்பெனி. ஒரு கைதிக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ். அந்தப் பணம் ஏற்றப்பட்ட தலைக்கு, உயிரோடு இறக்கப்பட்ட தலைக்கு அல்ல. அப்புறம் என்ன நடக்கும்? கிளம்பிய சுமார் ஆயிரம் பேரில் நாலில் ஒருவருக்கு மேல் வழியிலேயே செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, உயிரோடு இறங்கியவர்களுக்கு மட்டும் கொடுக்கும் முறை வந்தது.

ஹைன்லைனுக்கும் இந்தக் கணக்கு புரிந்திருக்கிறது. அவருடைய நிலாவில் கோதுமை விளைகிறது. அதிகாரிகள் சொன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும். அது பசியில் இருக்கும் இந்தியாவுக்குப் போகிறது (அவர் எழுதிய வருஷங்களில் நாம் நிஜமாகவே அமெரிக்கக் கோதுமையை வாங்கிக்கொண்டிருந்தோம்). இப்படியே போனால் ஏழு வருஷத்தில் நிலாவில் உணவுக் கலவரம் என்று மைக் என்கிற கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்கிறது. கலகம் வெடிக்க அதுதான் காரணம்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் வரலாற்றை வசதியாகக் கழுவிவிட்டார் என்று நினைக்கிறேன். அவருடைய நிலாவில் ஏற்கனவே வாழ்ந்த மக்கள் என்று யாருமே இல்லை. சிட்னியில் இருந்தார்கள். 1789-ல் பரவிய பெரியம்மையில் அந்தப் பகுதிப் பழங்குடிகளில் பாதிப் பேர் இறந்திருப்பார்கள் என்று பிலிப்பே கணித்தார். யாரோ ஒருவருடைய வீடு இன்னொருவருக்குச் சிறையாக்கப்பட்ட கதை அது. விண்வெளிச் சிறைக் கதைகளில் பெரும்பாலும் இந்தப் பக்கம் காணாமல் போய்விடுகிறது.

டிவியும் இந்தச் சரக்கை விடவில்லை. 1959-ல் வந்த 'ட்விலைட் ஸோன்' தொடரின் 'தி லோன்லி' கதையில், ஐம்பது வருஷத் தண்டனையோடு ஒருவன் தனியாக ஒரு சிறுகோளில் கிடக்கிறான். துணைக்கு ஒரு ரோபோ பெண். மன்னிப்பு வருகிறது, கப்பலும் வருகிறது. அதில் அவன் ஏற்றக்கூடிய சாமான் 15 பவுண்டு எடை மட்டுமே. அவள் ஏற முடியாது. 1967-ல் 'ஸ்டார் ட்ரெக்'கில் கான் என்பவனைக் கூட்டத்தோடு ஒரு முரட்டுக் கிரகத்தில் விட்டுவிட்டு வருகிறார் கேப்டன் கிர்க். கானின் கப்பலுக்குப் பெயர் 'பாட்டனி பே', அதாவது பிரிட்டன் தன் கைதிகளை அனுப்ப முதலில் தேர்ந்தெடுத்த அதே விரிகுடா. 1982-ல் வந்த படத்தில்தான் தெரிகிறது, அந்தக் கிரகம் பாலைவனமாகிப் பலர் செத்துப்போனது. நடுவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

எனக்குப் பிடித்தது ராபர்ட் சில்வர்பெர்க் 1967-ல் எழுதிய 'ஹாக்ஸ்பில் ஸ்டேஷன்'. இதில் நாடு கடத்துவது விண்வெளிக்கு அல்ல, காலத்துக்குள். அரசியல் கைதிகளைக் கோடிக்கணக்கான வருஷம் பின்னால், நிலத்தில் உயிர்களே இல்லாத கேம்ப்ரியன் யுகத்தில் தள்ளுகிறார்கள். இயந்திரம் ஒரு திசையில்தான் வேலை செய்யும். கடைசியில் ஆட்சி மாறுகிறது, திரும்பி வரவும் வழி கண்டுபிடிக்கப்படுகிறது. அங்கே பல வருஷம் இருந்து, கால் நசுங்கி, மற்றவர்களுக்குத் தலைவர் மாதிரி ஆகிவிட்ட பாரெட்டிடம் நீங்கள் இப்போது வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். அவர் அங்கேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிடுகிறார்.