காளையும் பசுவும்

காளையும் பசுவும் என்பது இருவர் தாளும் எழுதுகோலும் கொண்டு ஆடும் எண் ஊக விளையாட்டு. ஒருவர் நான்கு வெவ்வேறு இலக்கங்களை வரிசையாக எழுதி மறைத்து வைக்க, மற்றவர் ஊகிப்பார். இலக்கமும் இடமும் பொருந்தினால் 'காளை'. இலக்கம் மட்டும் பொருந்தினால் 'பசு'. மறைத்தது 3508, ஊகம் 8514 எனில் ஒரு காளை, ஒரு பசு.

1968-இல் பிராங்க் கிங் இதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினியில் நிரலாக்கினார். 1970-இல் இஸ்ரேலைச் சேர்ந்த மொர்தெகாய் மெய்ரோவிட்ஸ், இதே முறையில் வண்ண முளைகளைக் கொண்டு 'மாஸ்டர்மைண்ட்' விளையாட்டை உருவாக்கினார். அதன் 1,296 அமைப்புகளில் எதையும் ஐந்து ஊகங்களுக்குள் கண்டறியலாம் என்று டொனால்ட் கனூத் 1977-இல் நிறுவினார்.

காளையும் பசுவும் ஆட்டத்தில் 5,040 வரிசைகள் சாத்தியம். முதல் ஊகத்தில் ஓர் இலக்கமும் பொருந்தாவிட்டால் மாணவர் சோர்வடைவர். ஆனால் அந்த நான்கு இலக்கங்களும் நீங்கியதால் 360 வரிசைகளே எஞ்சும். தவறிய ஊகமும் விடையை நெருங்க உதவும் என்பதை அவர்கள் கணக்கிட்டே அறியலாம்.