ஏட்டுச் சுரைக்காய்

சென்ற வருஷம் தை மாதத்தில் எனக்குத் தோட்டம் போடும் ஆசை வந்தது. பெரிய தோட்டம் அல்ல. கிணற்றடிக்கும் சமையலறைக்கும் நடுவே கொல்லையில் சும்மா கிடந்த இடத்தில் கொத்தமல்லி, புதினா, வெந்தயம், ஒரு கறிவேப்பிலைக் கன்று, அவ்வளவுதான். கதை எழுதுகிறவன் ஆகையால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன்னால் காகிதத்தை எடுத்தேன். அளவுகோல் வைத்துக் கோடு போட்டுப் பாத்திகளைப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் செடியின் பெயரைப் பச்சை மசியில் எழுதினேன். பார்க்க வெகு அழகாக இருந்தது.

என் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"வெந்தயம் போட்டிருக்கீங்களே, அந்த மூலைக்கு வெயில் எத்தனை மணிக்கு வரும்?"

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அந்த மூலையில் நாள் முழுவதும் பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் நிழல்.

"ஏட்டுச் சுரைக்காய்!" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் நான் படித்துக்கொண்டிருந்த ஐரோப்பியச் சரித்திரம் ஒன்று எனக்குத் துணைக்கு வந்தது. ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன்னால் என்னைப்போலவே ஏட்டில் தோட்டம் போட்டவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் முதல்வர் சாமானியர் அல்ல, சக்கரவர்த்தி.

அப்போது மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்டவர் சார்லமேன். அரசாங்கப் பண்ணைகளை எப்படி நடத்தவேண்டும் என்று 800-ஆம் ஆண்டையொட்டி ஒரு நீண்ட உத்தரவு பிறந்தது. அது அவர் போட்டது என்றே பொதுவாகக் கருதுகிறார்கள். அதன் கடைசி அத்தியாயம் முழுவதும் செடிகளின் ஜாபிதா. எழுபதுக்கும் மேற்பட்ட செடிகளின் பெயர்கள் அதில் இருக்கின்றன. நம் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாற்போல, கொத்தமல்லி, சீரகம், வெந்தயம் எல்லாம் உண்டு. உத்தரவுக்குச் சிப்பாய் பயப்படுவான்; சீரகம் பயப்படுமா?

அடுத்தபடியாக வந்தது ஒரு வரைபடம். கான்ஸ்டன்ஸ் ஏரியில் ரைஹனாவ் என்று ஒரு தீவு. அங்கே ஒரு கிறிஸ்தவ மடம். 820-க்கும் 830-க்கும் இடையில் என்று சொல்லத்தக்க காலத்தில், அங்கிருந்த சந்நியாசிகள் பதப்படுத்திய தோல் துண்டுகள் ஐந்தைச் சேர்த்துத் தைத்து, ஒரு மடம் எப்படி அமையவேண்டும் என்பதைச் சிவப்புக் கோடுகளில் வரைந்தார்கள். செயின்ட் கால் மடத்தின் அதிபதியான கோஸ்பெர்ட்டுக்கு அதை அனுப்பிவைத்தார்கள்.

அதில் தோட்டக்காரர் வீட்டை ஒட்டிக் காய்கறித் தோட்டம். நீள நீளமாகப் பதினெட்டுப் பாத்திகள். பாத்திக்கு ஒரு செடி வீதம் பெயர் எழுதியிருக்கிறது: வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, கொத்தமல்லி, சதகுப்பை, கருஞ்சீரகம் என்று. பக்கத்திலேயே கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் கொட்டில். எருவுக்கு அதிக தூரம் நடக்கவேண்டியதில்லை. மூலிகைத் தோட்டத்தையோ வைத்தியர் வீட்டுக்கு அருகில் வைத்தார்கள். பதினாறு பாத்திகள் கொண்ட அந்தத் தோட்டத்தில்தான் சீரகம், வெந்தயம், சோம்பு, புதினா எல்லாம். வயிற்றுவலி என்றால் வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்த என் பாட்டிக்கு இந்த ஏற்பாடு ஆச்சரியமாகவே இருந்திராது. கொத்தமல்லியும் சீரகமும் வெந்தயமும் மத்தியதரைக் கடலோரத்திலும் மேற்காசியாவிலும் தோன்றியவை. அங்கிருந்து ஒரு பக்கம் அந்த மடங்களுக்கும், இன்னொரு பக்கம் நம் சமையலறைகளுக்கும் போய்ச் சேர்ந்தவை.

ஆனால் இதே வரைபடத்தில் சீமை அத்தியும் வாதுமையும் கூட இருக்கின்றன. ஆல்ப்ஸ் மலையடிவாரக் குளிரில் அவை எப்படித் தழைக்கும்? வரைந்தபடி அந்த மடம் கட்டப்படவும் இல்லை. என் மனைவி பார்த்திருந்தால் கோஸ்பெர்ட்டிடமும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள்.

மூன்றாமவர்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். வாலாஃப்ரித் என்று பெயர். மாறுகண் உடையவர். அந்தக் குறையையே 'ஸ்ட்ராபோ' என்று தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். சிறுவனாக அதே ரைஹனாவ் மடத்தில் சேர்ந்து வளர்ந்தவர். தம் சிறு தோட்டத்தைப் பற்றி லத்தீன் மொழியில் 444 அடிகள் கொண்ட ஒரு கவிதை எழுதினார். இருபத்து மூன்று செடிகள் அதில் வருகின்றன. ஆனால் தொடக்கத்தில் வருவது செடி அல்ல; காஞ்சொறி! வாசலை ஒட்டிய சிறு நிலத்தில் வேரோடி மண்டிக்கிடந்ததை அவர் பிடுங்கி எறிந்தார். மண்ணைக் கொத்தி எரு இட்டார். மண் சரியாமல் இருக்கப் பாத்தியைச் சுற்றிப் பலகை அடித்தார். விதை கலைந்துவிடக் கூடாதே என்று தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தித் தெளித்தார். ஒரு பக்கம் கூரை மழையை மறைத்தது. இன்னொரு பக்கம் சுவர் வெயிலை மறைத்தது. (வேப்பமரம் எல்லாத் தேசத்திலும் இருக்கிறது.) புத்தகம் படித்து மட்டும் இதைக் கற்கவில்லை, உழைத்துக் கற்றேன் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

சேஜ் என்னும் மணப்பூண்டின் இளந்தளிர்களைக் கிள்ளாவிட்டால் அவை தாய்த்தண்டையே நெரித்துக் கொன்றுவிடும் என்று அவர் எழுதுகிறார். தோட்டக்காரனுக்கு இது ஒரு குறிப்பு. எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. சார்லமேனின் மகன் லூயி சக்கரவர்த்தியை 833-ல் அவருடைய சொந்த மகன்களே அரியணையிலிருந்து இறக்கினார்கள். அந்த வருஷங்களில் வாலாஃப்ரித் அரசவையில் இருந்தார். 838-ல் ரைஹனாவின் மடாதிபதியானார். 840-ல் லூயி இறந்தார், சகோதரர்கள் சண்டையிட்டார்கள், இவர் பதவி இழந்து ஊரைவிட்டு ஓடினார். 842-ல்தான் திரும்ப முடிந்தது. 849-ல் தூது போகும் வழியில் லுவார் ஆற்றில் மூழ்கி இறந்தார். நாற்பது வயதுதான் இருக்கும். ராஜ்யம் சிதறிய காலத்தில், ஒரு மனிதர் தம் கைக்கு எட்டிய சிறு நிலத்தையாவது ஒழுங்காக வைத்துக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கவிதையில் சுரைக்காயும் இருக்கிறது! கொடி ஏறும் அழகைச் சொல்லி, பிஞ்சைக் கொழுப்பில் வதக்கித் தின்னலாம், முற்றியதைக் குடைந்து மதுக்குடுவை ஆக்கலாம் என்கிறார். ஏட்டுச் சுரைக்காய்தான், ஆனால் கறிக்கு உதவிய பிறகு ஏட்டில் ஏறிய சுரைக்காய். கை அழுக்காகும் முன் எழுதியதற்கும், அழுக்கான பின் எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் போலும்.

அவருடைய தோட்டம் இன்று இல்லை. கவிதை இருக்கிறது. அந்த வரைபடமும் செயின்ட் காலன் நூலகத்தில் இருக்கிறது. அது பிழைத்த கதை இன்னும் வேடிக்கை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு சந்நியாசி அதன் பின்புறத்தில் செயின்ட் மார்ட்டின் சரித்திரத்தை எழுதினார். இடம் போதாமல் முன்புறத்தில் ஒரு கட்டடத்தைச் சுரண்டிவிட்டுக் கதையை முடித்தார். தோலைப் புத்தகம்போல் மடித்து வைத்தார்கள். மகானின் புண்ணியத்தில் வெங்காயப் பாத்தியும் தப்பியது. 2013 முதல் ஜெர்மனியில் மெஸ்கிர்ஹ் என்னும் ஊரில், அந்த வரைபடத்தைப் பார்த்து, அந்தக் காலத்துக் கருவிகளைக் கொண்டே ஒரு மடத்தைக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

எங்கள் கொல்லையிலும் ஒரு மாதிரி வேலை நடந்தது. வெந்தயம் கிணற்றடிக்கு வெயிலைத் தேடிப் போயிற்று. புதினா, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் பக்கம் போயிற்று. அது என் மனைவியின் யோசனை. என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள்.

வரைபடம் மேஜை அறையில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் என் மகள் பின்னக் கணக்குப் போட்டிருக்கிறாள். இரண்டு கணக்கு தப்பு. இருந்தாலும் அதைக் கிழித்துப்போட எனக்கு மனம் வரவில்லை.