பல்கலைக்கழகத்தின் பரப்பும் குச்சிக்கிழங்கின் பாதையும்

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பரப்பைத் துறைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது நம் வழக்கம். சேலம், நாமக்கல் சமவெளிக்கு அந்த அளவுகோல் போதாது. ஒரு கேள்வியை அது முடியும் இடம்வரை தொடர்ந்து செல்லும் ஆற்றலே பரப்பு என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இங்கு ஆய்வு மூன்று பல்கலைக்கழகங்களின் கையில் இருக்கிறது. 1997இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகம் கருப்பூரில் கலை, அறிவியல் பாடங்களைக் கவனிக்கிறது. ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், மேச்சேரி செம்மறியாட்டுக்கான பொட்டனேரி நிலையமும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன.

இந்த மூன்று எல்லைகளையும் கடந்து போவது மரவள்ளி. ஊரார் வாயில் குச்சிக்கிழங்கு. 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவிலேயே இங்கும் பரவியது. நுனிக்குருத்து சுருண்டு கொத்தாகிவிடும், செடி வளராது. இதே பூச்சி முன்பு ஆப்பிரிக்காவை வாட்டியபோது, 1981இல் பராகுவேயில் கண்டெடுத்த ஒரு குளவிதான் அதை அடக்கியது. இரண்டு மில்லிமீட்டரைக்கூட எட்டாத அக்குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும்; புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிட, பழுப்பேறிய வெறும் கூடு எஞ்சும். பெனின் நாட்டிலிருந்து 2021இல் பெங்களூருக்கு வந்த இக்குளவி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. மூன்று கண்டங்களின் அறிவு ஒரு சிறு நிலையத்தின் வயலுக்கு வந்துசேர்ந்த நிகழ்வு இது. தனித்துறைக் கல்வி தரும் ஆழத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் கிழங்கு வயலோடு நிற்பதில்லை. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் அரைத்து மாவு பிரித்தபின் மிஞ்சும் திப்பி தீவனமாகிறது. தழையிலும் தோலிலும் சயனைடு தரும் வேதிப்பொருள் உண்டு. பச்சைத் தழையை அளவின்றி மேய்ந்த மாடு சாகவும் கூடும். ஆலைக் கழிவுநீர் அமிலத்தன்மை உடையது. கடினப்பாறைப் பூமியில் அது எந்த வெடிப்பு வழியே எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று சொல்லவேண்டியவர் நிலவியலாளர். கிழங்கு விலை சரியும்போது குத்தகைக்காரர் படும் பாடு பொருளியலாரின் பொருள். ரகத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஓரிடம், தீவனத்தைச் சோதிப்பவர் ஓரிடம், நீரை அளப்பவர் ஓரிடம் என்றிருந்தால், ரகத்தின் சயனைடு அளவையும் கிணற்று நீரையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வேட்டுக்கு யார் நெறியாளர்?

இப்பிரிவு இயற்கையானது என்றும் சொல்லமுடியாது. 1985இல் நாமக்கல் கல்லூரி தொடங்கியபோது பயிரும் கால்நடையும் ஒரே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தன. 1989இல்தான் கால்நடைக்குத் தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது. அதனால் துறை வளர்ந்தது, மறுப்பதற்கில்லை. பழையபடி ஒன்றாக்கவேண்டும் என்பதும் என் கோரிக்கை அன்று.

ஒன்றாக்காமலே சேர்ந்து ஆய வழி உண்டு. பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல், சுற்றுச்சூழல் அறிவியல், பொருளியல், உணவு அறிவியல் எல்லாம் உள்ளன. கருப்பூர், ஏத்தாப்பூர், நாமக்கல் மூன்றும் சாலை வழியே ஒரு பகலுக்குள் சுற்றிவரும் தொலைவு. புதிய துறைகளைத் திறப்பதற்கு முன், ஒரே முனைவர் பட்ட ஆய்வுக்கு இரு பல்கலைக்கழகங்களின் நெறியாளர்கள் பொறுப்பேற்க வழிசெய்யும் விதியை மூன்று ஆட்சிக்குழுக்களும் இயற்றவேண்டும். அதன் முதல் ஆய்வு குச்சிக்கிழங்கைப் பற்றியதாக இருக்கட்டும்.