உடலினுள் பரவும் கேண்டிடா தொற்று

உடலினுள் பரவும் கேண்டிடா தொற்று என்பது கேண்டிடா வகை ஈஸ்ட்டுகள் குருதியில் கலந்து கண், இதயம், மூளை, சிறுநீரகம் முதலிய உறுப்புகளைத் தாக்கும் நோய் ஆகும். வாயில் தோன்றும் வெண்படலத் தொற்றைப் போலன்றி இது உயிருக்கு ஆபத்தானது.

காரணங்கள்

கேண்டிடா அல்பிக்கன்ஸ் நலமுடையோரின் குடலில் தீங்கின்றி வாழ்கிறது. பெருஞ்சிரையில் செருகப்படும் குழாய், வயிற்று அறுவை சிகிச்சை, நீண்டகால நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகள், வெள்ளைக் குருதியணுக் குறைவு ஆகியன அது குருதியை அடைய வழிவகுக்கின்றன.

கண்டறிதல்

நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு அடங்காத காய்ச்சல் முக்கிய அறிகுறியாகும். குருதி வளர்ப்புச் சோதனை ஏறத்தாழ பாதி நோயாளிகளில் மட்டுமே தொற்றைக் காட்டும். எனவே சோதனையில் ஈஸ்ட் தென்படாவிடினும் நோய் இல்லை எனக் கொள்ள இயலாது.

சிகிச்சை

முதலில் காஸ்போஃபஞ்சின் போன்ற எக்கினோகேண்டின் வகை மருந்துகள் சிரைவழி தரப்படுகின்றன. உடல்நிலை சீரடைந்து, ஈஸ்ட் ஃபுளுகோனசோலுக்குக் கட்டுப்படுமாயின் அம்மருந்துக்கு மாற்றலாம். இயன்றவரை சிரைக்குழாய் அகற்றப்படும், கண்களும் பரிசோதிக்கப்படும். குருதியில் ஈஸ்ட் மறைந்த பின்னரும் குறைந்தது 14 நாட்கள் சிகிச்சை தொடரும். உறுப்புகள் பாதிக்கப்பட்டிருப்பின் இது மேலும் நீளும். காய்ச்சல் நின்றவுடன் மருந்தை நிறுத்துதல் கூடாது.

மருந்து எதிர்ப்பு

2009இல் யப்பானில் ஒருவரின் காதிலிருந்து பிரித்தறியப்பட்ட கேண்டிடா ஆரிஸ் பல மருந்துகளை எதிர்க்கவல்லது. மருத்துவமனைகளில் எளிதில் பரவுகிறது. உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் இதுவும் அல்பிக்கன்சும் மிக உயர் முன்னுரிமைப் பிரிவில் இடம்பெற்றன.