நாலுக்கு நடுவே மூன்று

ராக் இசை நான்கு எண்ணிக்கையில் நிற்பது. இரண்டிலும் நான்கிலும் டிரம்மின் அடி அழுந்தி விழும். கேட்கிறவன் உடம்பு அதைத்தான் எதிர்பார்க்கிறது. இந்த எதிர்பார்ப்பை நடுவழியில் முறித்து, மூன்றாக எண்ணும் வால்ட்ஸுக்குள் பாட்டைத் திருப்பிவிடும் காரியத்தை பீட்டில்ஸ் குழு சில தடவை செய்திருக்கிறது. இதை வெறும் சாமர்த்தியம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. உருவ மாற்றம் எப்போது அர்த்தம் பெறுகிறது, எப்போது அலங்காரமாக நின்றுவிடுகிறது என்று கவிதை விஷயத்தில் நாம் போட்டுக்கொள்ளும் சண்டைக்கு இதில் சில தடயங்கள் உண்டு.

வால்ட்ஸும் ஒரு காலத்தில் கலகம்தான். 1813ல் பைரன் புனைபெயரில் அதைக் கிண்டல் செய்து நீண்ட செய்யுள் எழுதினார். (ஒழுக்கம் பேச பைரன்!) 1816ல் இங்கிலாந்தின் அரசப் பிரதிநிதி கொடுத்த விருந்தில் அது ஆடப்பட்டதும் லண்டன் 'டைம்ஸ்' ஆபாசமான அந்நிய நடனம் என்று கண்டித்தது. ஆணும் பெண்ணும் அணைத்துச் சுழல்வதுதான் குற்றம். நூற்று நாற்பது வருஷம் கழித்து ராக் அண்டு ரோல் வாங்கிய வசவும் ஏறக்குறைய இதுவே. அதற்குள் வால்ட்ஸ் அப்பா அம்மாக்களின் நடனமாகிவிட்டது. பால் மெக்கார்ட்னியின் தகப்பனார் 1920களில் நடனங்களுக்கு வாசிக்கும் குழு ஒன்றை நடத்தியவர். ஆக, இவர்கள் வால்ட்ஸைத் தொட்டபோது தொட்டது வீட்டுக்குள் கிடந்த பழசை.

1965 டிசம்பரில் வந்தது 'வீ கேன் வொர்க் இட் அவுட்'. பெரும்பகுதி மெக்கார்ட்னியுடையது: பிணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் என் வழியில் என்கிற தோரணை. நடுப்பகுதி லெனனுடையது, மைனருக்கு இறங்கி, காலத்தின் குறுக்கத்தைப் பேசுகிறது. பூசலைச் சொல்லும் இடத்தில் எண்ணிக்கை மூன்றாகிறது. இந்த யோசனை ஜார்ஜ் ஹாரிசனுடையது என்று மெக்கார்ட்னி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கவனிக்க வேண்டியது, அடிப்படை ஓட்டம் மாறவில்லை என்பது. இரண்டு எண்ணிக்கை ஓடிய அதே காலத்துக்குள் மூன்று வந்து உட்காருகிறது. மிருதங்கம் பழகிய சக குமாஸ்தா ஒருவர் கேட்டுவிட்டு, "தாளத்தை விடலே சார், நடைதான் திஸ்ரமாச்சு" என்றார். நானாக இருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். லெனன் வாசிக்கும் ஆர்மோனியம் இழுவையாகக் கூடவர, பாட்டு நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. வாய் பூசல் வேண்டாம் என்கிறது. லயம் பூசலிலேயே உழல்கிறது. பிறகு பழைய நான்கு, ஒன்றும் நடக்காததுபோல. சமாதானம் ஆயிற்றா என்று பாட்டு சொல்வதில்லை.

1967ன் 'பீயிங் ஃபார் த பெனிஃபிட் ஆஃப் மிஸ்டர் கைட்' வேறு ரகம். லெனன் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய 1843ஆம் வருஷத்து சர்க்கஸ் விளம்பரத்திலிருந்து பிறந்தது. குதிரை வால்ட்ஸ் ஆடும் என்றதும் இசையும் வால்ட்ஸாகிவிடுகிறது. ரசிக்கலாம். ஆனால் சொல் சொன்னதையே தாளம் திருப்பிச் சொல்கிறது. அதே வருஷத்து 'லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்' பாட்டில் மூன்று இயல்பு, நான்கு அதிர்ச்சி. அவ்வளவுதான்.

ஹாரிசனுடைய 'ஐ மீ மைன்' பாட்டில்தான் விஷயம் முற்றுகிறது. 1969 ஜனவரியில், தொலைக்காட்சியில் கேட்ட ஒரு வால்ட்ஸின் தூண்டுதலில் எழுதியது. 'நான், எனது' என்ற அகந்தையைப் பற்றியது. இந்தியச் சிந்தனையில் அவருக்கிருந்த ஈடுபாடு தெரிந்ததே. மூன்றில் முனகிக்கொண்டு வரும் குரல் நான்குக்குத் தாவியதும் கூச்சலிடுகிறது. அகந்தைக்கு நாசூக்கான உடுப்பு ஒன்று, முரட்டு உடுப்பு ஒன்று, ஆள் ஒருவனே. ராக்கின் தாளமே விடுதலை என்று நம்பிய ஒரு தலைமுறையின் முன்னால், அந்தத் தாளத்தையே அகந்தையின் குரலாக நிறுத்துகிறார். இது சின்னக் காரியமல்ல. ஒத்திகையில் லெனன் கேலி செய்ததும், யோகோ ஓனோவோடு வால்ட்ஸ் ஆடியதும் படத்தில் பதிவாகியிருக்கின்றன. 1970 ஜனவரி 3 அன்று ஒலிப்பதிவு நடந்தபோது லெனன் இல்லை.

பதிவானது ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் ஒரு பகுதியை மறுபடி ஒட்டி, இரண்டரை நிமிடத்தை நெருங்கும்படி நீட்டி, வாத்தியக் கோஷ்டியையும் மேலே ஏற்றினார். அந்த மே மாதத்தில் 'லெட் இட் பி' தொகுப்பில் வந்தது இதுதான். தாவல் இரண்டாம் முறை வரும்போது காது தயாராகிக் காத்திருக்கிறது. 1996ல் வெளியான 'ஆந்தாலஜி 3' தொகுப்பில் குறுகிய வடிவம் கிடைக்கிறது. அதில் தாவல் ஒரே தடவை.